முகவரி கேட்காத அட்டை

போளூர் கடைத்தெருவில் நம் வயதுக்காரர் ஒருவரைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை என்றால், முன்பெல்லாம் உடம்புக்கு என்னவோ என்று விசாரிப்போம். இப்போது அப்படியில்லை. "பையன்கிட்ட போயிருந்தோம் சார், ஆறு மாசம்" என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் எதிரே வந்து நிற்கிறார். போன இடத்தில் முதலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: விமான நிலையத்திலேயே பையன் ஒரு சிம் கார்டு வாங்கிப் போட்டுக் கொடுத்தான். பணம் கட்டி வாங்கிய அட்டை, முப்பது நாள் செல்லும், இவ்வளவு ஜி.பி. டேட்டா. ஊர் திரும்பும்போது குப்பையில் போட்டுவிட்டு வந்துவிடலாம்.

இது சுற்றுலாப் பயணிகளுக்காக யாரோ யோசித்துச் செய்த வசதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்ததால், கொஞ்சம் தேடிப் படித்ததில் எனக்குத் தெரிந்தது வேறு. இந்த அட்டை இன்று இவ்வளவு மலிவாக, மூலைக் கடையில்கூடக் கிடைப்பதற்குக் காரணம் உல்லாசமாகச் சுற்றியவர்கள் இல்லை. அந்நிய ஊரில் முகவரி இல்லாமல், வங்கிக் கணக்கு இல்லாமல் இருந்தவர்கள்தான் காரணம். அவர்களில் நம் தமிழர் பங்கு பெரியது.

முகவரி என்ற விஷயத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பு, பிறகு பிழைப்பு தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் குமாஸ்தா உத்தியோகம். இருப்பிடச் சான்று கேட்டு வரும் மனுக்கள் பல வருஷம் என் மேஜைக்குத்தான் வரும். வீடு இல்லாதவன் வீடு இருப்பதாகக் காகிதம் கொண்டுவர வேண்டும் என்பது அந்த விதியின் அழகு.

டெலிபோனும் அப்படித்தான் இருந்தது. மனு கொடுத்து, டெபாசிட் கட்டி, வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். போளூரில் ரைஸ் மில், டாக்டர் வீடு, வக்கீல் வீடு, பட்டு ஜவுளி வியாபாரிகள் என்று விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் போன் இருந்தது. மற்றவர்கள் தபால் நிலையத்துக்குப் போய் டிரங்க் கால் புக் செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். குறிப்பிட்ட ஆளையே கூப்பிட்டுத் தரச் சொன்னால் பி.பி. கால், அதற்குத் தனிக் கட்டணம். நம் நாட்டில் ஆபரேட்டர் இல்லாமல் ஊர் விட்டு ஊர் நேராகப் பேசும் எஸ்.டி.டி. 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கிவிட்டது. பம்பாயிலிருந்து லண்டனுக்கு 1976-ல் நேரடியாகப் பேச முடிந்தது. நம் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கு அந்த வசதி வர எண்பதுகளின் கடைசி ஆயிற்று.

1984-ல் என் அப்பா காலமானார். தங்கை அப்போது கணவரோடு பாரிஸில் இருந்தாள். 1962-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரிக் குடும்பம் அவர்களுடையது. தந்தி கொடுத்தோம். தந்தி போய்ச் சேர்ந்து, அவள் பேச வழி செய்து, எங்கள் தெருவில் போன் இருந்த ஒரே வீட்டுக்கு அழைப்பு வந்தபோது இங்கே அடக்கம் முடிந்து பால் தெளிப்பும் ஆகிவிட்டது. நான் ஓடிப்போய் ரிசீவரை எடுத்தேன். மூன்று நிமிஷம். அதில் இரண்டு நிமிஷம் அவள் அழுதாள். மிச்சம் ஒரு நிமிஷத்தில் "அப்பா கடைசியா என்னைக் கேட்டாராண்ணா?" என்றாள். கேட்டார் என்று சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அந்தக் காலத்தில் தூர தேசத்து அழைப்பு என்றால் என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இனி அட்டைக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சுப் பெருமை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் அட்டையில் சில்லு பதிக்கும் முறைக்குப் பிரான்சில் 1974-ல் காப்புரிமை பெற்றவர் ரோலான் மொரேனோ. கெய்ரோவில் பிறந்தவர், பொறியியல் பட்டம் எதுவும் இல்லாதவர். முதலில் அவர் நினைத்தது அட்டையில்கூட இல்லை. விரலில் போடும் மோதிரத்தில் அந்தச் சில்லை வைத்து, அதைக் காட்டிப் பணம் கட்டலாம் என்று யோசித்தார். மோதிரம் அட்டையாக மாறியது. எண்பதுகளில் பிரெஞ்சுத் தொலைபேசித் துறை அதை எடுத்துக்கொண்டது. தெருவோரப் போன் கூண்டுகளில் காசுப் பெட்டியை உடைத்துத் திருடுவது அங்கே பெரிய தொல்லை. காசே இல்லாவிட்டால் எதை உடைப்பான்? 'தெலெகார்த்' என்று ஒரு அட்டை வந்தது. புகையிலைக் கடையில் 50 யூனிட் அல்லது 120 யூனிட் அட்டை வாங்கி, கூண்டில் செருகிப் பேச வேண்டும். பேசப் பேச யூனிட் குறையும். முன்பணம் கட்டிப் பேசுவது அங்கே பழகிப்போனது இப்படித்தான்.

இன்னொன்று. செல்போனில் ஜி.எஸ்.எம். என்கிறோமே, அந்த மூன்றெழுத்து முதலில் பிரெஞ்சுதான்: 'குரூப் ஸ்பெசியால் மொபில்'. ஐரோப்பா முழுவதற்கும் ஒரே முறையில் செல்போன் வேண்டும் என்று 1982-ல் அமைத்த குழுவின் பெயர் அது. பிற்பாடு எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் வேறு விரிவு கொடுத்துவிட்டார்கள். அந்த முறையில் முதல் அழைப்பு 1991 ஜூலை 1-ஆம் தேதி பின்லாந்தில் நடந்தது. பேசியவர் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி. அதே 1991-ல் முதல் சிம் கார்டுகளைச் செய்து பின்லாந்து நிறுவனத்துக்குக் கொடுத்தது மியூனிக்கில் உள்ள கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம். பல நாடுகளுக்கு ரூபாய் நோட்டு மாதிரி காசு அச்சடித்துக் கொடுக்கும் பழைய அச்சகம் அது. அந்த முதல் சிம் இன்றைய ஏ.டி.எம். கார்டு அளவு இருந்தது.

அந்தக் குழு செய்த ஒரு காரியம்தான் இந்தக் கதைக்கு அஸ்திவாரம். போன் வேறு, போனுக்கு உரியவன் யார் என்ற அடையாளம் வேறு என்று இரண்டையும் பிரித்துவிட்டார்கள். அடையாளம் சிம்மில் இருக்கும். கருவி வெறும் கருவி. அட்டையை எடுத்து வேறு அட்டை போட்டால் அதே போன் வேறு ஆளுடையதாக, வேறு நாட்டினுடையதாக ஆகிவிடும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கே ஒரு அனுபவம் உண்டு. 2003-ல் 501 ரூபாய்க்கு ரிலையன்ஸ் போன் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே வாங்கியது. அது சி.டி.எம்.ஏ. முறை, அதில் சிம் கிடையாது. அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூர் போனால் அது கடிகாரம் பார்க்கத்தான் உதவும்.

ஆனாலும் சிம்மைக் கண்டுபிடித்தவர்கள் மனதில் இருந்தது பில் கட்டும் சந்தாதாரர்தான். சிம் என்பதன் முதல் எழுத்தே 'சந்தாதாரர்' என்ற சொல்லுக்கு உரியது. வெளிநாடு போகிறவனுக்கு அவர்கள் வைத்திருந்த வழி ரோமிங். 1992-ல் பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் ரோமிங் ஒப்பந்தம் போட்டன. சொந்த ஊர் எண்ணிலேயே வெளிநாட்டிலும் பேசலாம், ஊர் திரும்பியதும் பில் வரும். அந்தப் பில்லைப் பார்த்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. கம்பெனி செலவில் போகிறவர்களுக்கு அது சரி.

மற்றவர்களுக்கு வழி திறந்தது போர்ச்சுகலில். 1995 செப்டம்பரில் டி.எம்.என். என்ற அந்நாட்டு நிறுவனம் 'மீமோ' என்ற பெயரில், மாதச் சந்தாவும் ஒப்பந்தமும் இல்லாமல் முன்பணம் கட்டிப் பேசும் சிம்மை விற்றது. உலகத்தில் முதல் பிரீபெய்டு செல்போன் சேவை என்று அதைத்தான் சொல்கிறார்கள். சொல்வதற்கு எளிது. பழைய முறையில் யார் எவ்வளவு பேசினான் என்பதை மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் போதும். பிரீபெய்டில் ஆள் எண்ணை அழுத்தும்போதே கையிருப்பைப் பார்த்து, பேசப் பேசக் கழித்து, தீர்ந்த நொடியில் நிறுத்த வேண்டும். வட்டி வாங்குகிறவன் கணக்கைவிட நுணுக்கமான கணக்கு அது.

எங்கள் பக்கத்தில், போளூர் ஆரணித் தறிக்காரர்கள் மத்தியில், முன்பணம் என்ற சொல்லுக்கு வேறு வாடை உண்டு. பட்டு முதலாளி நெசவாளிக்குக் கொடுப்பது முன்பணம். வாங்கியவன் அதைத் தீர்க்கும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. பிரீபெய்டில் அந்தக் கணக்கு தலைகீழ். வாங்குகிறவன் கம்பெனிக்கு முன்பணம் கொடுக்கிறான், கம்பெனிதான் அதைத் தீர்க்க வேண்டும். அதனால் நீ யார், உன் சம்பளம் என்ன, எந்த வீட்டில் இருக்கிறாய் என்று கம்பெனி கேட்கவேண்டிய அவசியமே போய்விட்டது. கடன் கொடுக்கிறவனுக்குத்தானே விலாசம் வேண்டும்?

நம் நாட்டுக்குச் செல்போன் வந்ததும் அதே 1995-தான். ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுக்குப் பேசினார். சென்னைக்கு ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டு கம்பெனிகள் வந்தன. உச்ச நேரத்தில் நிமிஷத்துக்கு 16 ரூபாய் 80 காசு. வருகிற அழைப்புக்கும் நாமே அழ வேண்டும். 2002-ல் பி.எஸ்.என்.எல். செல்போன் தொடங்கி, 'எக்ஸெல்' பிரீபெய்டு அட்டை சின்ன ஊர்களுக்கும் வந்தது. 2003 மே முதல் உள்வரும் அழைப்பு இலவசம். அதற்குப் பிறகுதான் தறிக்காரர் இடுப்பிலும் போன் ஏறியது.

இதற்கிடையே ஐரோப்பாவில் வேறொரு கூட்டம் தொலைபேசிக்கு ஏங்கிக்கொண்டிருந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர் பல்லாயிரம் பேர் பாரிஸ், லண்டன், சூரிச், டொராண்டோ என்று சிதறினார்கள். பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வடக்கே லா ஷாப்பெல் பகுதியில் கடை போட்டார்கள். 1985-ல் அங்கே மாணிக்க விநாயகர் ஆலயமும் எழும்பியது. வருஷா வருஷம் தேர் ஓடுகிறது. அகதி விண்ணப்பம் முடிவாகாத ஆளுக்கு வங்கிக் கணக்கு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரே அறையில் ஆறு பேர் தங்கினால் யார் பெயரில் முகவரி? போன் இணைப்பு எங்கிருந்து வரும்? ஊரிலோ யுத்தம். யாழ்ப்பாணத்துக்கு நேரடி லைன் இல்லாத காலத்தில் உறவினர்கள் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ வந்து, குறித்த நேரத்தில் போன் கடையில் காத்திருப்பார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அந்தப் பத்து நிமிஷம்தான்.

முதலில் இவர்களுக்குக் கைகொடுத்தது சுரண்டும் அட்டை. கடையில் வாங்கி, நாணயத்தால் சுரண்டி, ரகசிய எண்ணை அழுத்திவிட்டு ஊர் எண்ணை அழுத்த வேண்டும். எந்தத் தெருப் போனிலிருந்தும் பேசலாம். அட்டையில் போட்டிருக்கும் நிமிஷமும் பேசக் கிடைக்கும் நிமிஷமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அதெல்லாம் தெரிந்துதான் வாங்குவார்கள்.

அந்தக் கூட்டத்திலிருந்தே வியாபாரிகள் வந்தார்கள். 2001-ல் லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற மூன்று தமிழர் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். மூவர் பெயரின் முதல் எழுத்துகளைக் கோத்தால் வருவது 'லெபாரா'. பேசும் அட்டையில் ஆரம்பித்து, பிறகு சொந்தப் பெயரில் பிரீபெய்டு சிம் விற்றார்கள். 2006-ல் லைக்காமொபைல் வந்தது. தொடங்கியவர் முல்லைத்தீவுப் பக்கம் பிறந்த அல்லிராஜா சுபாஸ்கரன். 2014-ல் 'கத்தி' படத்தின்போது பத்திரிகைகளில் அடிபட்டதே, பிறகு '2.0', 'பொன்னியின் செல்வன்' எல்லாம் எடுத்தார்களே, அதே லைக்காதான். அந்தச் சினிமாப் பணத்துக்குப் பின்னால் இருப்பது மூலைக் கடைகளில் விற்ற சிம் அட்டைகள் என்பது இங்கே நிறையப் பேருக்குத் தெரியாது. வளர்ந்த வேகத்தில் வில்லங்கமும் வந்தது. 2016-ல் பாரிஸில் அந்த நிறுவனத்தில் போலீஸ் சோதனை நடந்தது.

இவர்கள் ஒரு கோபுரம்கூட நடவில்லை என்பதுதான் வேடிக்கை. சொந்தமாக லாரி இல்லாமல் லாரி ஆபீஸ் நடத்துகிறவர்கள் நம் ஊரில் இல்லையா? அது மாதிரி. பெரிய கம்பெனியின் கோபுரங்களில் பேசும் நேரத்தை மொத்தமாக வாங்கி, தங்கள் பெயரில் சிம் போட்டு, சில்லறையாக விற்றார்கள். பெரிய கம்பெனிகள் உள்ளூர் அழைப்பை மலிவாக்கி, வெளிநாட்டு அழைப்பில் கொள்ளை லாபம் வைத்திருந்தன. இவர்கள் அதை மாற்றி, இந்தியா, இலங்கை, நைஜீரியா, போலந்து என்று ஊருக்குப் பேசுவதை மலிவாக்கினார்கள். கடையும் அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை. கறிவேப்பிலையும் உறைய வைத்த மீனும் விற்ற மளிகைக் கடையே போதும்.

ஓய்வு பெற்று 2009-ல் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் என்னை லா ஷாப்பெலுக்கு அழைத்துப் போனான். பெரிய கம்பெனியின் கண்ணாடிக் கடை ஒன்றில் முதலில் நுழைந்தோம். அங்கே இருந்த பெண் என் பிரெஞ்சைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுவிட்டு, வங்கிக் கணக்கு எண்ணும் வீட்டு முகவரிக்குச் சான்றாக மின்சார பில்லும் கேட்டாள். இரண்டும் என்னிடம் இல்லை. "வாங்க மாமா, நம்ம கடைக்கே போகலாம்" என்றான் மருமகன். நாலு கடை தள்ளி யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் மளிகைக் கடை. முருங்கைக்காய்க் கட்டுக்கு மேலே சிம் அட்டைகள் சரம் சரமாகத் தொங்கின. அவர் பாஸ்போர்ட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கேட்ட ஒரே கேள்வி: "ஐயா, எந்த நாட்டுக்குக் கதைக்கப் போறீங்கள்?"

நாற்பது வருஷம் விண்ணப்பப் படிவங்களோடு வாழ்ந்தவன் நான். விண்ணப்பதாரர் யார் என்று கேட்காமல், அவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்ட கவுன்டர் அதுதான்.

2011-ல் அம்மாவுக்கு முடியாமல் போனது. தங்கைக்கு உடனே விமான டிக்கெட் கிடைக்கவில்லை. அன்று இரவு முழுக்க என் செல்போன் அம்மா தலையணைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அந்தப் பக்கம் தங்கை, பாரிஸில் தன் சமையலறையில் உட்கார்ந்து, லெபாரா கார்டில். பணம் தீரும்போது மருமகன் அடுத்த ரீசார்ஜ் எண்ணைப் போடுவான், திரும்ப அழைப்பு வரும். அதிகமாக ஒன்றும் பேசவில்லை. அம்மா மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விடியற்காலை நான்கரை மணிக்கு "அண்ணா, சத்தம் நின்னுடுச்சே" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் நம் பிள்ளைகள் கதை ஏறக்குறைய இதுதான். கட்டட வேலைக்குப் போன பையன் சிங்டெல்லின் 'ஹை கார்டு' வாங்கித்தான் ஊருக்குப் பேசினான். துபாயில் எடிசலாட்டின் 'வாசல்' அட்டை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடும் கூட்டத்துக்குக் காய்கறியும் ரீசார்ஜும் ஒரே கடையில்.

பிறகு டேட்டா வந்தது. வாட்ஸ்அப் வந்தது. நிமிஷக் கணக்கே ஒழிந்தது. இங்கே 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் ஊரிலிருக்கும் பாட்டியே பேரனை வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தாள். ஊருக்குப் பேசும் அட்டை என்பது இன்டர்நெட் அட்டை ஆயிற்று; அப்போதுதான் சுற்றுலாக்காரர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங் கட்டணம் ஒழிந்தது. பாரிஸில் வாங்கிய சிம் ரோமிலும் பெர்லினிலும் அதே விலையில் வேலை செய்யும் (சுவிட்சர்லாந்து அந்தக் கணக்கில் இல்லை, சூரிச்சில் உறவினர் உள்ளவர்கள் கவனிக்கவும்). அதே வருஷம் லெபாராவை அந்த மூவரும் விற்றுவிட்டார்கள். துபாய் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், பேச முடியாது. நம் இந்திய சிம்மையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வங்கி ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

அடையாளம் கேட்காத காலமும் மெல்ல மெல்ல முடிகிறது. பயங்கரவாதம், மோசடி என்று காரணங்கள் சொல்கிறார்கள். பொய்க் காரணங்கள் இல்லை. சிங்கப்பூரில் 2014 முதல் ஓர் ஆளுக்கு மூன்று பிரீபெய்டு சிம்தான். ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் அடையாள ஆவணத்தைச் சரிபார்த்த பிறகே சிம் உயிர் பெறும். பிரிட்டனில் இன்னமும் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகலாம். அமெரிக்காவில் 2022-ல் வந்த ஐபோனில் சிம் போடும் இடமே கிடையாது, எல்லாம் இ-சிம். என் மைத்துனர் டொராண்டோ கிளம்பும் முன் போளூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஒன்று வாங்கினார். கடன் அட்டை எண் கேட்டது, மின்னஞ்சல் கேட்டது, ஓ.டி.பி. கேட்டது. எல்லாம் இருந்ததால் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

லா ஷாப்பெல் கடைகளில் பிளாஸ்டிக் அட்டை இன்னும் தொங்குகிறது என்கிறான் மருமகன். கல்லாவில் நம்மவர்கள்தான். வாங்க வருகிறவர்களில் இப்போது ஆப்கானியரும் சூடானியரும் அதிகமாம். ரொக்கமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டு, கடை வாசலிலேயே நின்று போட்டுப் பேசுகிறார்களாம்.